கல்கத்தா மியூசியத்தில் பார்த்த ஏழாம் நம்பர் மெஷின்

இதை எழுதுவதற்கென்று நோட்டு வாங்கியது நான் மில்லை விட்டு வந்த வருஷம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டதோடு சரி. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒரு காரணம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். மில்லில் எங்களுக்கு மேலே இருந்த தாமோதரன் மாஸ்டர் உயிரோடு இருக்கிறாரே என்று கொஞ்ச வருஷம். அவர் போன பிறகு, போனவரைப் பற்றி எழுதலாமா என்று கொஞ்ச வருஷம். எட்டாவது படித்தவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்று மிச்ச வருஷம். நிஜமான காரணம் இது எதுவும் இல்லை. எழுதினால் நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

போன மாசம் அன்னூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பல்லடம் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். நான் யாரென்று தெரியாமல் என் கதையையே எனக்குச் சொல்கிறார்.

"அந்தக் காலத்துல மருதாசலம்னு ஒருத்தருங்க. மாஸ்டர் சட்டையப் புடிச்சு, சுத்தியல எடுத்து மெஷின ஒடைச்சு, கை போன ஆளுக்கு வேலை வாங்கிக் குடுத்தாராம்."

"அப்படியெல்லாம் நடக்கலீங்களே" என்றேன்.

"உங்களுக்கென்னங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் ரசத்துக்கு இலைச் சோற்றில் குழி பறித்தார்.

எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. இது ஒரு பொய் என்றால் மில் தரப்பில் சொல்வது இன்னொரு பொய். "பழனிச்சாமி கவனமில்லாமல் கையை விட்டான், முதலாளி இரக்கப்பட்டு வேலை கொடுத்தார்." இந்த இரண்டாவது பொய் காகிதத்தில் ஏறி, சீல் குத்தி, ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெற்றி சுடுகிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாவது முடித்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் இரும்பு அராவினேன். அப்புறம் கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில் கார்டிங் டிபார்ட்மெண்டுக்கு ஹெல்பராகப் போனேன், ஃபிட்டர் ஆனேன், அங்கேயே ரிட்டயர் ஆனேன்.

கார்டிங் என்றால் பஞ்சைச் சீவிச் சிக்கெடுப்பது. மெஷினுக்குள்ளே ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெரிய இரும்பு உருளை உண்டு. சிலிண்டர் என்போம். அதன் உடம்பெல்லாம் ஊசி ஊசியாகக் கம்பி. ஓட ஓட அந்தக் கம்பிக்குள் பஞ்சு அடைத்துக்கொள்ளும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, முன்பக்கத்துக் கதவைத் திறந்து, அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் மெஷினை ஓட்டுகிற பெல்ட்டைத் தள்ளிவிட்டாலும் சிலிண்டர் உடனே நிற்காது. அத்தனை கனம். நாலைந்து நிமிஷம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து மெஷின்களின் இரைச்சலில் அது சுற்றுவது காதுக்குக் கேட்காது. கண்ணுக்கும் நிற்கிற மாதிரியே பளபளவென்று தெரியும்.

தாமோதரன் மாஸ்டர் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலை ஏழு பத்துக்கு உள்ளே வருவார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன். அத்தனை பஞ்சுத் தூசியிலும் அவர் சட்டையில் ஒரு இழை ஒட்டாது. பேரிங் சூட்டைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். நீள ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாம் செய்த வேலை சரியில்லை என்றால், "நல்லாயிருக்குங்க. இன்னொருக்கா பாத்துருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து மூன்று தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். கிருத்திகை தவறாமல் மருதமலைப் படியை நடந்தே ஏறுகிறவர். எனக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் வைத்த சட்டம் ஒன்று: சிலிண்டரைச் சுத்தம் செய்வது மூன்று நிமிஷத்தில் முடிய வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "கதவு தொறந்து, கதவு மூடி, பெல்ட் ஏறிரணுமுங்க." சிலிண்டர் நிற்கவே நாலு நிமிஷம் ஆகும் மெஷினில் மூன்று நிமிஷத்தில் வேலை எப்படி முடியும்? கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் கேட்டிருக்கலாம். நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடுகிற சிலிண்டருக்கு முன்னால் கதவைத் திறப்பதுதான் தொழில் என்று வருகிற ஆளுக்கெல்லாம் பழக்கினோம்.

ஆயுத பூஜை எங்கள் டிபார்ட்மெண்டில் பெரிய விசேஷம். வருஷத்துக்கு ஒரே தடவை, பூஜைக்கு முதல் நாள், இருபத்து நாலு மெஷினுக்கும் பச்சைப் பெயிண்ட் அடிப்போம். பெயிண்ட் அடித்த மெஷின் பூஜை ஆகாமல் ஓடக்கூடாது. ஒரு வருஷம் அவசரக்காரன் ஒருவன் பூஜைக்கு முன்னால் பெல்ட்டை ஏற்றிவிட்டான். மாஸ்டர் அவனை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "பொட்டு வெக்காத மெஷின் கையக் கேக்குமுங்க" என்று அவரே சொன்னார்.

பொட்டு வைப்பது என் வேலை. நான் குளித்து விரதம் இருந்து வருவேன். ஒவ்வொரு மெஷினிலும் கதவின் ஓரமாக இரண்டு குழி இருக்கும், கட்டை விரல் நுனி பதிகிற அளவு. வார்ப்பிலேயே விழுந்த குழி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மெஷினுக்கு இரண்டு கண் மாதிரி இருக்கும். சந்தனம் அதில் நன்றாக நிற்கும். பத்தொன்பது வருஷம் அந்த இரண்டு குழியிலும் சந்தனத்தை அழுத்தி, அதன் மேல் குங்குமம் வைத்து, "முருகா, யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது" என்று கும்பிட்டவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாசம் ஏழாம் நம்பர் மெஷினில் பழனிச்சாமிக்கு அடிபட்டது. அன்னூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன். வந்ததும் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பெல்ட்டை ஏற்றுவான். அன்றைக்குப் பெல்ட்டைத் தள்ளினான், எல்லாரும் செய்கிற மாதிரி கதவைத் திறந்தான், மெஷின் வாயில் அடைத்திருந்த பஞ்சுக் கட்டியை எடுக்கக் கையைக் கொண்டுபோனான். வலது கையில் நாலு விரல் போயிற்று. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

எட்டு நாள் கழித்து என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இந்த மாதிரிக் கதவுக்குச் சிலிண்டர் நிற்கும்வரை திறக்காதபடி ஒரு லாக் இருக்கவேண்டும், அது எங்கே என்று சர்க்கார் இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "இது லாக் இல்லாம வந்த மாடலுங்க. மருதாசலம் பத்தொம்போது வருஷமாப் பாக்கறாரு. அவரே சொல்வாரு."

நான் லாக் எதையும் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்று சொன்னேன். கிளார்க் எழுதிக்கொண்டு வந்தது வேறு: "இந்த மெஷின்களில் லாக் எப்போதும் இருந்ததில்லை என்று கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன்." நான் பார்க்காததும் எப்போதும் இல்லாததும் ஒன்றா? அப்போது எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. மாஸ்டர் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். போட்டேன்.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் பழனிச்சாமி மேல் குற்றம் எழுதினார்கள். மெஷினில் குறை இல்லை. ஆகவே தொழிலாளியின் கவனக்குறைவு. வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று என்கொயரி வைத்தார்கள். கடைசி விசாரணை ஆவணியில்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் சம்சாரம் சரசு என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி ராஜாமணி தண்ணீர் கொடுத்தாள். சரசு சொம்பைத் தொடவில்லை.

"ஏனுங்ணா, அவரு குடிச்சிருந்தாருன்னு நீங்க எழுதியிருந்தாக்கூட எனக்கு இத்தன கோவம் வராதுங்க. கவனமில்லாத ஆளுன்னு ஆக்கிப்போட்டீங்களே. சாமி வெளக்குல திரி கோணலா இருந்தா, சோத்துல கைய வெச்ச மனுசன் எந்திரிச்சு வந்து நிமித்திட்டுப் போவாருங்க."

"நான் மெஷினப் பத்தித்தானம்மணி எழுதினேன். அவனப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையே."

"மெஷினு யோக்கியம்னா அப்பறம் எம்புருசந்தானுங்க அயோக்கியம்? வேற யாரு இருக்கறா அங்க?"

அவள் போன பிறகு ராஜாமணி அந்தச் சொம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து, "நெசமாலுமே லாக் இல்லீங்களா?" என்று கேட்டாள். "இல்லை" என்று எரிந்து விழுந்தேன். எனக்குச் சரசு மேல்தான் கோபம் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்குக் காசிக்கு முன்பே பணம் கட்டியிருந்தோம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர். காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவர வேண்டும். நான் பாகற்காயை விட்டேன். "பொறந்ததுலருந்து பாகக்காய நீங்க தொட்டதே இல்ல. அத உடறதுக்கு இத்தன தூரம் ரயில் ஏறணுமாக்கும்?" என்று ராஜாமணி கங்கைக்கரையிலேயே மானத்தை வாங்கினாள். கோயிலில் கொடுத்த கறுப்புக் கயிற்றை அவளே என் மணிக்கட்டில் கட்டினாள்.

திரும்பும்போது கல்கத்தாவில் ரயில் மாற வேண்டும். ரயிலுக்குச் சாயங்காலம் வரை நேரம் இருந்தது. எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு பெரிய விஞ்ஞான மியூசியத்துக்கு வழி விசாரித்து வந்தார். "உள்ள ஃபேன் ஓடுது, கக்கூஸ் இருக்குது, வாங்க வாங்க" என்றார். அதற்காகத்தான் போனோம்.

நாற்பது பேரும் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டோம். காவலாளி கையை ஆட்டி ஏதோ சொன்னார். போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று. உள்ளே பெரிய நீராவி எஞ்சின். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அதைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜாமணி காசிக் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். காவலாளி ஓடி வந்தார். எங்கே பார்த்தாலும் தடுப்புக் கயிறு. தொடாதே என்று பலகை. நம் கை பட்டு அந்த இரும்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று அத்தனை காவல். நல்லதுதான். ஆனால் எனக்குப் பழனிச்சாமியின் கட்டுப் போட்ட கை ஞாபகம் வந்தது.

இரண்டு மூன்று ஹால் தாண்டி நூல் மெஷின்கள். அங்கே நின்றது எங்கள் ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பரேதான் என்று தோன்றியது. அதே வார்ப்பு, அதே கால், பக்கவாட்டுத் தகட்டில் அதே வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். இருபத்து நாலு மெஷினைத் துடைத்தவனுக்கு அந்த எழுத்து மனப்பாடம். அத்தனை தூரத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கண் தானாகக் கதவு ஓரத்துக்குப் போயிற்று, நான் சந்தனம் வைக்கிற இடத்துக்கு. அங்கே குழி இல்லை. இரண்டு போல்ட் போட்டு முடுக்கிய ஒரு இரும்பு லாக் இருந்தது.

எங்களோடு வந்த வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இங்கிலீஷை வாசித்துத் தமிழில் சொன்னார்: "சிலிண்டர் நிக்கற வரைக்கும் கதவு தொறக்காத மாதிரி, செஞ்ச கம்பெனியே லாக் போட்டு அனுப்பினதாம். ஏன் மருதாசலம், உங்க மில்லுல இல்லையா?"

நான் கயிற்றைத் தாண்டிவிட்டேன். காக்கிச் சட்டை போட்ட வயசான சிப்பந்தி ஒருவர் விரட்ட வந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. "கார்டிங். ஃபிட்டர். கோயமுத்தூர்" என்று என் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு, "ஜூட் மில்" என்றார். சணல் மில்லில் இருந்தவர். அவ்வளவுதான், கயிற்றை அவரே கழற்றினார். பக்கத்திலிருந்த கைச்சக்கரத்தால் சிலிண்டரைச் சுற்றினார். கதவைத் திற என்று எனக்கு ஜாடை காட்டினார். இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். அசையவில்லை. அவர் சக்கரத்தை விட்டார். சிலிண்டர் மெதுவாக நின்றது. உள்ளே ஒரு கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. கதவு ஒரு விரலுக்குத் திறந்துகொண்டது.

அளக்க என்னிடம் ஸ்கேல் இல்லை. மணிக்கட்டிலிருந்த காசிக் கயிற்றை அவிழ்த்து, ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து அடுத்த போல்ட்டின் நடுவுக்குப் பிடித்து, இரண்டு முடிச்சுப் போட்டேன். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, கிறுகிறுங்குதா?" என்று ராஜாமணி ஓடி வந்தாள்.

"சாமி பேருல பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன் ராஜாமணி" என்றேன்.

ஊருக்கு வந்த முதல் வேலையாக ஏழாம் நம்பரைச் சுத்தம் செய்கிற சாக்கில் கத்தியால் அந்தக் குழியைச் சுரண்டினேன். பச்சை. அதற்கடியில் இன்னொரு பச்சை. நாங்கள் அடித்த ஒவ்வொரு வருஷமும் ஒரு தோலாக உரிந்தது. அடியில், பள்ளம் அடைக்கப் பூசுகிற மக்கு காய்ந்து கிடந்தது. அதையும் தோண்டினால் உள்ளே போல்ட் முடுக்க மரை வெட்டிய துளை. கயிற்றைப் பிடித்தேன். இரண்டு முடிச்சும் இரண்டு துளைக்கு நேராக நின்றன.

ஒளித்து வைக்கத் தெரியாமல் நேரே மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"நான் அசிஸ்டெண்டா இருந்தப்பவே கழட்டுனதுங்க. ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு பொறப்பட்டா புரொடக்‌ஷன் எங்கிருந்து வரும்? இத்தன வருஷம் ஒண்ணும் ஆகலியே."

"இப்ப ஆயிருச்சுங்களே மாஸ்டர்."

"காசிக்குப் போனா பாவத்த உட்டுட்டு வருவாங்க. நீங்க என்னத்தையோ தூக்கிட்டு வந்துட்டீங்க." சிரித்தார். "ரிட்டயர் ஆக இன்னும் நெறைய வருசம் இருக்குதுங்களே உங்களுக்கு? ஊட்டுக்குப் போய் நல்லா யோசிங்க."

புறங்கையால் சூடு பார்க்கிற மனுஷன், கம்பியில் ஒரு தலைமுடி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷன், ஒருத்தன் கை போனதற்குக் காரணம் தெரிந்தே வைத்திருந்தார். தெரிந்துகொண்டே என் கையில் பேனாவைக் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சனிக்கிழமை விசாரணை. வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர்தான் விசாரிப்பவர். பழனிச்சாமி வலது கையைத் துண்டால் மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் எழுந்து, முன்னால் சொன்னது தப்பு, லாக் இருந்தது, கழற்றியிருக்கிறார்கள் என்றேன். கயிற்றை மேஜைமேல் வைத்தேன்.

"என்னய்யா இது?" என்றார் வக்கீல்.

"காசிக் கயிறுங்க. அளவு எடுத்தது."

"ஓ, சாமி கயிறு சாட்சி சொல்லுதா?" என்றார். மாஸ்டர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். "அப்போ முதல்ல கடவுள் சாட்சியா சொன்னது?"

"அது நான் தெரியாமச் சொன்ன பொய்யுங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா மெஷினை ஒருக்கா வந்து பாருங்க."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்.

ஞாயிறு மில் லீவு. திங்கள் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு உள்ளே போனால் பெயிண்ட் வாசனை ஆளைத் தூக்குகிறது. இருபத்து நாலு மெஷினும் புதுப் பச்சை. ஏழாம் நம்பரை மட்டும் அடித்தால் தெரிந்துவிடும் என்று எல்லாவற்றையும் அடித்திருக்கிறார்கள். குழியெல்லாம் மக்கு வைத்துத் தேய்த்துச் சமமாக்கி, மழமழவென்று இருந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கழிவுப் பஞ்சு கூட்டுகிற மாரம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சத்தமாகக் கேட்டாள்: "ஏனுங்க, ஆவணியிலயே ஆயுத பூசை வந்துருச்சுங்களா? என்ர பொரி எங்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. யாரும் பெல்ட்டை ஏற்றவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவுமில்லை. அவரவர் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

ஏழு பத்துக்கு மாஸ்டர் வந்தார். "ஏனுங்க, என்ன நிக்கறீங்க? ஓட்டுங்க."

"பெயிண்டு அடிச்சிருக்குதுங்க மாஸ்டர்" என்றான் ஒருவன். "பூசை ஆகலீங்களே."

"இது சும்மா அடிச்சதுங்க."

"பொட்டு வெக்காத மெஷினு கையக் கேக்கும்னு நீங்கதானுங்க சொல்லியிருக்கறீங்க. ஏற்கனவே ஒண்ணு வாங்கிருச்சுங்க."

இதைப் போராட்டம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை. பூஜை வேண்டும் என்கிறவர்களை என்ன செய்வது? கார்டிங் நின்றால் பஞ்சு மேலே போகாது. மதியத்துக்குள் அடுத்தடுத்த டிபார்ட்மெண்டுகளும் நின்றன. முதலாளி வீட்டு ஆட்கள் வந்தார்கள். "பூஜைதானே, போட்டுத் தொலையுங்க" என்றார்கள். அதே நேரத்துக்கு வக்கீலும் மெஷினைப் பார்க்க வந்து சேர்ந்தார்.

மாரம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். நான் ஏழாம் நம்பருக்கு முன்னால் போய் நின்றேன். சந்தனத்தை விரலில் எடுத்துக் கதவோரம் தடவினேன். அது மழமழ இரும்பில் வழுக்கிக் கீழே விழுந்தது.

"மாஸ்டர், எங்க வெக்கட்டுங்க? பத்தொம்போது வருசமா வெச்ச எடத்தக் காணோமுங்க."

"என்ன இடம் அது?" என்று வக்கீல்தான் கேட்டார். கத்தியை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. பெயிண்ட்டும் மக்கும் இன்னும் முழுசாகக் காயவில்லை. வெண்ணெய் மாதிரி வந்தது. துளை தெரிந்தது. பக்கத்துத் துளையும் தெரிந்தது. கயிற்றைக் கேட்டேன். வக்கீலே பையிலிருந்து எடுத்து, அவரே இரண்டு முனையையும் பிடித்து வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்தபடியே துளைக்குள் சுண்டு விரலை விட்டு மரையைத் தடவிப் பார்த்தார்.

அதோடு உண்மை ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வக்கீல் என்ன எழுதினார் என்று கடைசி வரை எங்களுக்குக் காட்டவில்லை. விசாரணையை அப்படியே முடித்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் என்னைக் கூப்பிட்டு இருபத்து நாலு லாக் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அந்த வேலைச் சீட்டில் "புதிய வசதி" என்று எழுதியிருந்தது. கழற்றிய இடத்தில் திரும்ப மாட்டுவதற்குப் பெயர் புதிய வசதியாம்! முதல் லாக்கை மாஸ்டர் வந்து இழுத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். ஒரு வருத்தம், ஒரு வார்த்தை, அவன் வீட்டுக்கு ஒரு நடை கிடையாது. அடுத்த கிருத்திகைக்கும் மருதமலை ஏறினார்.

பழனிச்சாமிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ஆள் வருகை எழுதுகிற டைம் ஆபீசில். உத்தரவைக் கொடுக்கும்போது நானும் கூட இருந்தேன். அவன் பத்தாவது படித்தவன். இடது கையால் காகிதத்தைப் பிடித்து மெதுவாகப் படித்தான். "தனது கவனக்குறைவால் கையை இழந்த மேற்படி தொழிலாளிக்கு, கருணை அடிப்படையில்" என்று இருந்தது.

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துருங்க" என்றான்.

"அது ஃபார்மட்டுப்பா. வேலை வேணுமா வேண்டாமா?" என்றார் ஆபீஸ்காரர்.

வெளியே சரசு இரண்டு பெண் குழந்தைகளோடு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். பழனிச்சாமி ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தான். நாலு மாசமாக இடது கையில் கையெழுத்துப் பழகி வைத்திருந்தான். எனக்கே போட்டுக் காட்டியிருக்கிறான். ஆபீஸ்காரர் பேனாவை நீட்டினார். அவன் அதை வாங்கவில்லை. மைப்பெட்டியை இழுத்து, இடது கட்டை விரலை அழுத்தி, ரேகை வைத்தான்.

"உனக்குத்தான் எழுதத் தெரியுமே?"

"தெரியுமுங்க. ஆனா இதப் படிச்சுப் பாத்து ஒத்துக்கிட்டேன்னு ஆயிருமுங்களே. படிக்கத் தெரியாதவன் வெச்சதாவே இருக்கட்டுங்க."

மையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

அந்த உத்தரவு இன்னும் எங்கோ இருக்கும். அதற்கு அடியில் என் முதல் கையெழுத்தும் இருக்கும். ஃபைலைத் திருத்த எனக்கு வக்கில்லை. ஆகவே இதைப் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தவரிடம் சொல்லும்போது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். என்னைப் பெரிய ஆளாக்க வேண்டாம். நான் முதலில் போட்ட கையெழுத்தை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம். அதை விட்டால் மிச்சம் இருப்பது வேறு கதையாகிவிடும். நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது சொன்னால் போதும்: அந்த மெஷினில் லாக் இருந்தது. மில்லில் கழற்றினார்கள். பழனிச்சாமி கவனமான ஆள்.